முதல் நாளே வேனில் அனுப்பலாமா?

கேள்வி: ஆலப்பாக்கம் பக்கம் எங்கள் வீடு. மகள் இந்த ஆண்டு எல்.கே.ஜி. சேர்கிறாள், பள்ளி கடலூரில். செம்மங்குப்பம் விபத்துக்குப் பிறகு வேன் என்றாலே பயமாக இருக்கிறது. முதல் வாரம் நாங்களே வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பிறகு வேனில் ஏற்றலாமா?

பதில்: எப்படியும் வேன்தான் என்று முடிவாகிவிட்டால் முதல் நாளே ஏற்றிவிடுங்கள். ஒரு வாரம் அப்பாவோடு பைக்கில் போய்ப் பழகிய குழந்தை, அடுத்த வாரம் வேனைப் பார்த்ததும் மறுபடி முதலிலிருந்து அழும். ஒருவர் ஏற்றிவிடட்டும், இன்னொருவர் முன்னாலேயே போய்ப் பள்ளி வாசலில் நிற்கட்டும். அதற்கு முன், பள்ளி திறப்பதற்குள் ஒருநாள் போய் வேன் ஆயாவையும் டிரைவரையும் குழந்தைக்குக் காட்டிவிடுங்கள்.

உங்கள் பயம் நியாயமானது. 2025 ஜூலை 8 காலை, செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன்மீது பயணிகள் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது ஆள் இருந்த கேட்தான். ஆனால் சிக்னலோடு இணைக்கப்படாதது. இணைத்த கேட் என்றால், அதை மூடினால்தான் ரயிலுக்குப் பச்சை விழும். ஆகவே உங்கள் வேன் எந்தெந்த கேட்டைத் தாண்டுகிறது, மேம்பாலம் அல்லது சுரங்கப்பாதை வழியாகப் போக முடியாதா என்று பள்ளியில் கேளுங்கள். ஆளில்லா கேட்டில் வண்டியை நிறுத்தி, உதவியாளர் இறங்கிப்போய் இருபுறமும் பார்த்த பிறகே கடக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-வது பிரிவு. ஆள் இருக்கும் கேட்டிலும் அப்படியே செய்யச் சொல்லிப் பெற்றோர் சேர்ந்து கேட்கலாம். ஐந்து நிமிடம் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மஞ்சள் நிறமும் ‘பள்ளி வாகனம்’ என்ற எழுத்தும் கண்ணுக்குத் தெரிபவை. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, இன்ஷூரன்ஸ் நடப்பில் உள்ளதா என்பதை எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டே பார்த்துவிடலாம். வெள்ளை நம்பர் பிளேட் போட்ட ஆம்னியில் மாத வாடகைக்குப் பிள்ளைகளை ஏற்றுகிறார்கள் என்றால், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். அது வாடகைக்கு ஓட்ட அனுமதி இல்லாத வண்டி.

ஆனால் பெற்றோர் அதிகம் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: சாயங்காலம் இறங்கும் இடம். வேனின் கதவு இடப்பக்கம். உங்கள் வீடு சிதம்பரம் சாலையின் எதிர்ப்பக்கம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வீட்டுப் பக்கம் நின்று கை காட்டினால், இறங்கிய பிள்ளை அம்மாவைப் பார்த்த சந்தோஷத்தில் வேனுக்கு முன்னால் புகுந்து ஓடிவரும். வேனின் முன்பக்கத்தை ஒட்டி நடக்கும் மூன்றரை வயதுக் குழந்தை டிரைவர் சீட்டிலிருந்து தெரியாது. அதனால் வேன் வரும் முன்பே சாலையைக் கடந்து, கதவு திறக்கும் பக்கம் போய் நில்லுங்கள். ஆயா இறங்கிக் குழந்தையின் கையை உங்கள் கையில் கொடுக்கட்டும். வேன் கிளம்பிப்போன பிறகு நீங்கள் இருவரும் கடக்கலாம். வாட்டர் பாட்டில் நாடாவைக் கழுத்தில் மாட்டி அனுப்பாதீர்கள். இறங்கும்போது கதவுக் கைப்பிடியில் சிக்கும். பைக்குள் வைத்தால் போதும்.

இன்னொன்று. முதல் சில நாட்கள் எல்.கே.ஜி.க்கு மதியத்தோடு விட்டுவிடும் பள்ளிகள் பல. அப்போது மதிய வேன் உண்டா, இல்லை பெரிய பிள்ளைகள் கிளம்பும்வரை குழந்தை அங்கேயே உட்கார வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மதிய வேன் இல்லையென்றால் அந்த நாட்களில் மட்டும் நீங்கள் போய் அழைத்து வாருங்கள். முதல் நாள் திரும்பும்போதுதான் பிள்ளைகள் வேன் மாறி ஏறுவது நடக்கும். வேன் எண், இறங்கும் இடம், இரண்டு செல்போன் எண்கள் எழுதிய அட்டையைப் பையின் உள்பக்கம் ஒட்டுங்கள். குழந்தையின் பெயரைப் பையின் வெளியே பெரிதாக எழுத வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடும் யாரையும் தெரிந்தவர் என்றே குழந்தை நினைக்கும்.

சில நாள் தாத்தாதான் வந்து நிற்பார் என்றால், அவர் போட்டோவையும் இப்போதே ஆயாவிடம் காட்டிவிடுங்கள்.