16 வயது மகனுக்கு மூன்று நாளில் கொழும்பைச் சுற்றிக் காட்ட எப்படித் திட்டமிடுவது?

யாழ்ப்பாணத்திலிருந்து வருவதாகவும், மகன் எதிலும் பிடிப்பில்லாமல் எந்நேரமும் கைப்பேசியோடு இருப்பதாகவும், எந்த இடத்தை எந்த வரிசையில் காட்டலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரவுப் பேருந்தில் வந்து விடியற்காலையில் வெள்ளவத்தையில் இறங்கி, உறவினர் வீட்டில் தங்குவீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். வரிசையைப் பிறகு பார்ப்போம். முதல் நாள் காலையில் எதையும் வைக்காதீர்கள். இதை எனக்கு ஒருவரும் சொல்லாததால் நான் ஒரு முழு நாளை இழந்தேன்.

என் அண்ணாவின் மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு என் வீட்டுக்கு வந்திருந்தான். வெள்ளவத்தையில் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழ்பவள் என்ற பெருமையில், பழைய கணக்குக் கொப்பி ஒன்றில் இரண்டு நாளுக்கு 14 இடங்களை நேரத்தோடு எழுதி வைத்திருந்தேன். காலை ஐந்து மணிக்குப் பேருந்தால் இறங்கியவனைக் குளிக்க வைத்து, இடியப்பம் கொடுத்து, ஒன்பது மணிக்கெல்லாம் தேசிய அருங்காட்சியக வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். 1877இல் திறக்கப்பட்ட கட்டடம் என்று தொடங்கிய என் விளக்கம், கண்டி அரசனின் சிம்மாசனத்தருகே போய்ச் சேர்ந்தபோது அவன் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான். 1815இல் ஆங்கிலேயர் கைக்குப் போய் 1934இல் திரும்பி வந்த சிம்மாசனம் என்று நான் சற்று உரத்துச் சொன்னதும் கண்ணைத் திறந்து, "மாமி, இதிலை பிறகு கேள்வி கேப்பீங்களோ?" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. இப்போது நினைத்தால் அது நியாயமான கேள்விதான். பத்து நாளுக்கு முன்னர்தான் அந்தப் பிள்ளை பரீட்சை மண்டபத்திலிருந்து வெளியே வந்திருந்தான்.

பிள்ளைகளுக்கு இத்தனை இடம் கொடுக்கக் கூடாது, பெரியவர்கள் சொல்லும் இடத்துக்கு வரத்தான் வேண்டும் என்று சொல்வோர் இருப்பார்கள். நானும் அப்படிச் சொன்னவள்தான். அன்று அவனை மேலும் மூன்று இடங்களுக்கு இழுத்துச் சென்றேன். மூன்றிலும் அவன் பார்த்தது இருக்கை எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே.

ஆனால் அதே அருங்காட்சியகத்தில் ஓரிடத்தில் அவன் தானாகவே நின்றான். காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு அது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணத்தையொட்டி 1409ஆம் ஆண்டுத் தேதியுடன் பொறிக்கப்பட்டது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற பெயரில் தெவிநுவரையின் விஷ்ணுவுக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்குமாக, பொன், வெள்ளி, பட்டு என்று காணிக்கைகளைப் பட்டியலிட்டிருக்கும். நான் சொன்ன இவற்றில் எதுவும் அவனை அசைக்கவில்லை. 1911இல் கண்டெடுக்கப்பட்டபோது அந்தக் கல் ஒரு மதகை மூடக் கிடந்தது என்று சொன்னபோதுதான் நிமிர்ந்தான். "அப்ப ஆக்கள் இதுக்கு மேலாலையே நடந்து திரிஞ்சவை?" என்று கேட்டு, தேய்ந்த எழுத்துகளின்மேல் முகத்தை வைக்காத குறையாகக் குனிந்து, ஓர் எழுத்தையாவது வாசித்துவிடப் பதினைந்து நிமிடம் போராடினான். 'ன' ஒன்று அகப்பட்டதாகச் சொன்னான். எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவு கொப்பியை மூடிவிட்டு, 5,000 ரூபாயை அவன் கையில் கொடுத்து, நாளைக்கு என்னை நீ கூட்டிக்கொண்டு போ, பயணமும் சாப்பாடும் இருவருக்கும் இதற்குள்தான், மிஞ்சுவது உனக்கு என்றேன். வசதி இருப்பவள் சொல்கிறாள் என்று நினைக்க வேண்டாம். முதல் நாள் முச்சக்கரவண்டிகளுக்கும் நுழைவுச்சீட்டுகளுக்கும் நான் கொடுத்தது அதைவிட அதிகம்.

மறுநாள் பத்து மணிக்கு எழுந்தவன், காசை மிச்சம் பிடிக்க ரயிலைத் தெரிவு செய்தான். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு அரை மணித்தியாலம்கூட ஆகாது. இடப்பக்கம் இருந்தால் வழியின் பெரும்பகுதிக்குக் கடல் கூடவே வரும். 20 ஆண்டுகளில் அந்தப் பக்கம் நான் பார்த்து உட்கார்ந்ததே இல்லை. கோட்டையிலிருந்து நடந்தே புறக்கோட்டைக்குள் புகுந்தோம். தமிழில் நாம் புறக்கோட்டை என்கிறோம், ஆங்கிலத்தில் வழங்கும் 'பெட்டா' (Pettah) என்ற பெயரோ நம்முடைய 'பேட்டை' என்ற சொல்லிலிருந்து போனது என்றேன். அதற்குப் பின் அவன் கண்ணில் பட்டதெல்லாம் பெயர்ப்பலகைகள்தான். இரண்டாம் குறுக்குத் தெருவில், 1909இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்பும் வெள்ளையுமான பள்ளிவாசலை அவன் படமெடுத்தது இரண்டே தடவை. அதற்கு எதிரே ஒரு கடைப்பலகையில் 'விற்பனை' என்ற சொல்லுக்கு நேர்ந்திருந்த கதியை ஆறு தடவை.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பொது இடத்தில், பெயர் வேண்டாம், கழிப்பறைக்கு வழிகாட்டும் பலகையில் 'களிப்பறை' என்று எழுதியிருந்தார்கள். பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. சட்டப்படி இது நம்முடைய அரச கரும மொழிகளில் ஒன்று. பலகை அடிப்பதற்கு முன் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்ட எத்தனை நிமிடம் போய்விடும்? ஆனால் அன்றைய நாளை மீட்டது அந்தப் பலகைதான் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பிழைப்பலகை பிடிப்பது மாலை வரை எங்கள் இருவருக்கும் போட்டியாகிவிட்டது. அவன் 23, நான் 9.

பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாகப் படித்த சிங்களத்தை வைத்து "கீயத?" என்று பேரம் பேசி, மிஞ்சிய காசில் காதில் மாட்டும் ஒலிப்பானொன்றை வாங்கினான். அது ஊர் போய்ச் சேருமுன்னே செத்துவிட்டது என்பது வேறு கதை.

உங்களுக்குப் பயன்படக்கூடிய சிலவற்றையும் எழுதிவிடுகிறேன். புறக்கோட்டைக்கு வாரநாளில் போங்கள். ஞாயிறும், முழுநிலா விடுமுறையான போயாவும் பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். வெள்ளி நண்பகலில் பள்ளிவாசல் பக்கம் தொழுகைக்கு வருவோரால் நிறைந்திருக்கும் என்பதால் வேறு நேரத்தில் பாருங்கள். காலிமுகத்திடலை நண்பகலில் காட்டினால் வெயிலைத்தான் காட்டுவீர்கள். ஐந்து மணிக்குப் பிறகு போய், இறால் வடையைக் கையில் கொடுத்து, பட்டம் ஏறுவதைப் பார்க்க விடுங்கள். 1859இல் அமைத்த திடல் என்ற என் தகவலைத் தட்டிவிட்டு, 2022இல் போராட்டக் கூடாரங்கள் எங்கே நின்றன என்று அவன் கேட்டான். கைப்பேசியில் நாட்கணக்காகப் பார்த்த இடம் அல்லவா? அலுவலகம் விட்டு நானும் இரண்டு மாலை அங்கே போயிருந்ததால் இடங்களைக் காட்ட முடிந்தது. கொழும்பில் நான் சொன்னவற்றில் அவன் இடைமறிக்காமல் கேட்டது அது ஒன்றுதான். தாமரைக் கோபுரம் 350 மீற்றர் உயரம். பொழுது சாய்வதற்குச் சற்று முன் ஏறினால் வெளிச்சத்திலும் விளக்கிலும் நகரை இருமுறை பார்க்கலாம். வார இறுதியைத் தவிருங்கள், வரிசை நீளும். கங்காராமய விகாரை, சுதந்திர சதுக்கம் எல்லாம் அவன் கேட்டால் பார்க்கலாம்.

மூன்றாம் நாளைப் பற்றி என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. "பெரியம்மா வீட்டை போனியளோ? போகாட்டி நான் இஞ்சை தலை நிமிர்ந்து நடக்கேலாது" என்று அண்ணா ஊரிலிருந்து தொலைபேசியில் பிடித்த பிடியில், தொடர்மாடி தொடர்மாடியாக ஆறு வீடு ஏறி இறங்கி, ஆறு வீட்டிலும் தேநீர் குடித்து, "என்ன படிக்கப் போறாய்?" என்ற கேள்விக்கு ஆறு தடவை அவன் பதில் சொன்னதோடு அது முடிந்துவிட்டது. பிள்ளைகள் கொழும்பை வெறுப்பதற்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது. உங்கள் உறவினர்களை ஒரு மாலையில் நீங்கள் தங்கும் வீட்டுக்கே வரச் சொல்லிவிடுங்கள். வராதவர்கள் கோபித்துக்கொள்வார்கள், அதற்குப் பின் நான் அப்படித்தான் செய்கிறேன், இரண்டு வீட்டார் இன்றும் என்னோடு பேசுவதில்லை.