சோலாஸ் கதை முடிஞ்சது, நம்ம கதை?

வணக்கம்ணா,

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம், வீட்டோடயே வெள்ளிக் கொலுசு பட்டறை. உங்க சைட்ட ரொம்ப நாளா படிக்கறேன், எழுதறது இதான் மொத தடவ. பேரு போட வேண்டாம்ணா.

டிராகன் ஏஜ் வெய்ல்கார்டு கேம இப்பதான் முடிச்சேன். இந்த சீரிஸ் எனக்கு அக்காவால வந்தது. முந்தின பார்ட்டான இன்குவிசிஷன் வந்தப்ப நான் பிளஸ் டூ, அவ காலேஜ். வீட்ல பிசி ஒண்ணுதான், மாத்தி மாத்தி ஒரே சேவ்ல ஆடுவோம். என்னென்ன முடிவு எடுத்தோம்னு அக்கா ஒரு லாங் சைஸ் நோட்டுல எழுதி வச்சா. யார டிவைன்ங்கற மதத் தலைவி ஆக்குனோம், அந்த கிணத்துத் தண்ணிய யாரு குடிச்சது, ஃபேடுங்கற ஆவி உலகத்துக்குள்ள யார விட்டுட்டு வந்தோம், எல்லாமே. அடுத்த பார்ட் வந்தா இதப் பாத்து அப்படியே போட்டுக்கலாம்னு பீரோக்குள்ள பத்திரமா வச்சிருந்தோம். இத்தன வருஷம் கழிச்சு கேம் வந்து, மூணே மூணு கேள்வி கேட்டுட்டு கதைய ஆரம்பிச்சிருச்சு. நோட்ட மூடி வச்சுட்டேன்.

இருந்தாலும் ஆடினேண்ணா. கடைசில வில்லன் சோலாஸ் தன் கைய கிழிச்சுகிட்டு போறான்ல, அங்க நெஜமாவே அழுதுட்டேன். மறுநாள் காலைல எந்திரிச்சா ஒரே வெறுமை. அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன். யூடியூப்ல ஒருத்தர் குப்பைங்கறாரு, இன்னொருத்தர் தலைல தூக்கி வச்சு ஆடறாரு, எனக்கு ரெண்டு பேரு சொல்றதும் ஒட்டல. எனக்கு இது பிடிச்சதா இல்லையான்னே தெரியல. அக்கா இப்ப ஈரோட்டுல இருக்கா, கைக்குழந்தையோட. எப்படிடா இருக்குன்னு கேட்டுகிட்டே இருக்கா. ஆடச் சொல்லலாமா?

— சேலத்துலருந்து ஒரு வாசகர்

தம்பி,

மொதல்ல மத்தவங்களுக்கு ஒரு வார்த்த. கதைய முழுசா உடைச்சுதான் பேசப்போறேன், இனிமேதான் ஆடணும்னு இருக்கறவங்க இதோட நிறுத்திக்குங்க.

நீங்க அழுததும் நெஜம், மறுநாள் வெறுமையா இருந்ததும் நெஜம், ஒண்ணு நெஜம்னா இன்னொண்ணு பொய்யா இருக்கணும்னு யாரும் சொல்லல. அந்த ரெண்டும் வேற வேற எடத்துலருந்து வருது. அழுதது சோலாஸ் கதைக்கு. அது உண்மையிலயே முடிஞ்சிருச்சு, ரொம்ப நல்லாவே முடிஞ்சிருச்சு. வெறுமையா இருக்கறது உங்க கதைக்கு, நீங்களும் அக்காவும் சேந்து ஆடுன அந்தக் கதைக்கு. அத அவங்க முடிக்கவே இல்ல, தொடக்கூட இல்ல. நான் இத முடிச்சதுல இருந்து மனசுல போட்டு உருட்டிகிட்டே இருக்கேன், உங்க கடிதத்துல அந்த நோட்டப் பத்தி படிச்சப்பதான் எனக்கே முழுசா பிடிபட்டுச்சு.

தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். பயோவேர் கம்பெனி இந்த சீரிஸ ஆரிஜின்ஸ்ல ஆரம்பிச்சது 2009ல, ரெண்டாவது 2011, இன்குவிசிஷன் 2014 நவம்பர். அதோட கதை நெஜமா முடியறது 2015 செப்டம்பர்ல வந்த டிரெஸ்பாஸர்ங்கற டிஎல்சில, அதாவது கூடுதல் பகுதில. நம்ம கூடவே இருந்த, அமைதியா பேசிகிட்டு சுவத்துல ஓவியம் வரைஞ்சுகிட்டு இருந்த சோலாஸ்தான் எல்ஃப்களோட பழைய ட்ரெட் வுல்ஃப், இந்த உலகத்துக்கும் ஆவிகளோட உலகத்துக்கும் நடுவுல இருக்கற திரைய கிழிக்கப் போறான்னு தெரிய வருது. நம்மாளு இன்குவிசிட்டர் மேப்ல டெவின்டர் நாட்டு மேல கத்திய குத்தறதோட முடியும். அந்தக் கத்தி குத்துன எடத்துக்கு நாம போய்ச் சேர 2024 அக்டோபர் 31 ஆயிருச்சு, அன்னிக்கு இங்க தீபாவளி. ஊரே வெடி வெடிச்சிகிட்டு இருந்தப்ப நான் டவுன்லோட் பார பாத்துகிட்டு உக்காந்திருந்தேன், அவ்வளவு ஆசை.

மொதல்ல அந்த முடிவப் பத்தி பேசிடறேன், அதுக்கு தகுதி இருக்கு. சோலாஸ சண்ட போட்டு அடைக்கலாம், ஏமாத்தி அடைக்கலாம், இல்ல அவன் மனச மாத்தலாம். நீங்க பாத்தது மூணாவது. அதுக்கு அவனோட பழைய நினைவுகள ஒவ்வொண்ணா தேடிப் பாத்திருக்கணும். பாத்தா என்ன தெரியுது, அவன் முன்னாடி ஞானத்தோட ஆவியா இருந்தவன், மித்தால்ங்கற எல்ஃப் தெய்வம் கேட்டுகிட்டாங்கறதுக்காக ஒடம்பு எடுத்து வந்தவன், அவளுக்காக ஒரு தப்பு, அந்த தப்ப சரி பண்ண இன்னொரு தப்புன்னு ஆயிரக்கணக்கான வருஷம் போயிருக்கு. கடைசில நம்ம கத்தியோ மந்திரமோ அவன ஒண்ணும் பண்ணல. மாரிகன்ங்கற சூனியக்காரி வழியா அந்த மித்தாலே வந்து, என் சேவைலருந்து உன்ன விடுவிக்கறேன்னு சொல்றா. அதுக்குத்தான் அவன் நொறுங்கறான். இத்தன காலம் அவனப் பிடிச்சு வச்சிருந்தது பகையோ கொள்கையோ இல்ல, ஒருத்தி விட்டுடுன்னு சொல்லாததுதான். அந்த சீன எழுதுனவங்க சோலாஸ உள்ளயும் வெளியயும் தெரிஞ்சவங்க. நீங்க அழுததுல ஆச்சரியம் ஒண்ணுமே இல்ல தம்பி.

இப்ப நோட்டுக்கு வரேன். கேட்ட மூணு கேள்வி என்ன? இன்குவிசிட்டர் யாரக் காதலிச்சாரு, இன்குவிசிஷன கலைச்சாரா வச்சிருந்தாரா, சோலாஸ காப்பாத்துவேன்னு சொன்னாரா தடுப்பேன்னு சொன்னாரா. அவ்வளவுதான். மூணையும் பாருங்க, மூணும் டிரெஸ்பாஸரோட தொடர்பு உள்ளது, சோலாஸுக்கு தேவைப்படறது மட்டும். இன்குவிசிஷன் வந்தப்ப கீப்னு தனியா ஒரு வெப்சைட்டே வச்சு முந்தின ரெண்டு கேமோட முடிவுகள ஒண்ணு விடாம வாங்கி வச்சுகிட்ட அதே கம்பெனி இது. உங்க பட்டறைல பழைய கொலுச குடுத்து புதுசு கேட்டா மொதல்ல எடை போட்டு பழைய வெள்ளிய கணக்குல கழிச்சுட்டுதான மத்த பேச்சு பேசுவீங்க? இங்க நம்ம பழைய வெள்ளி தராசுலயே ஏறல.

அது எவ்வளவு தூரம் போகுதுன்னா, மாரிகனையே எடுத்துக்குங்க. ஆரிஜின்ஸ்ல ஒரு கொழந்தைக்காக அவ கேட்ட அந்த சடங்குக்கு ஒத்துகிட்டவங்க கதைல அவளுக்கு ஒரு பையன் இருக்கான், இன்குவிசிஷன்ல அவன பாத்திருக்கோம், பேசிருக்கோம். இங்க அவ வரா, நிறைய பேசறா, பையனப் பத்தி ஒரு வார்த்த இல்ல. சோகக் கிணத்துத் தண்ணிய உங்க இன்குவிசிட்டர் குடிச்சிருந்தாலும் அவ குடிச்சிருந்தாலும் இங்க ஒரே மாரிகன்தான். ரெண்டாவது பார்ட் ஹீரோ ஹாக்க ஃபேடுல விட்டுட்டு வந்தவங்களும் இருக்காங்க, காப்பாத்துனவங்களும் இருக்காங்க, ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கணும்னு ஹாக்குக்கு என்ன ஆச்சுங்கறதயே அவங்க ஜாக்கிரதையா ஒதுக்கி ஒதுக்கி போறது நல்லா தெரியுது. அதுவும் ஹாக்கோட உயிர் நண்பன் வேரிக் பக்கத்துல இருக்கறப்ப! ஹாக்குக்காக உயிரயே குடுக்கற ஆளு அவன்.

இதுல என்னை ரொம்ப வலிக்க வச்சது அந்தக் கடிதங்க. இன்குவிசிட்டர் தெற்குலருந்து அப்பப்ப எழுதி அனுப்புவாரு, ஞாபகம் இருக்கா? பிளைட்ங்கற நாசம் புகுந்துருச்சு, இந்த ஊரு போச்சு, அந்தப் படை போச்சுன்னு. நாம 2009ல ஆர்ச்டீமன எதுத்து நின்னு காப்பாத்துன ஃபெரெல்டன், இன்குவிசிஷன்ல ஒவ்வொரு காடா சுத்தி முகாம் போட்டு நிம்மதியாக்கிட்டு வந்த தெற்கு, அது பூரா அழியறத நாலு பத்தி டெக்ஸ்ட்ல படிச்சுட்டு அடுத்த குவெஸ்ட்டுக்கு போகணும். அழிக்கறது தப்புன்னு சொல்ல வரல. அந்த ஊரு அழியணும்னா நாம அங்க நின்னு பாத்திருக்கணும், அந்த அளவுக்கு நமக்கும் அந்த ஊருக்கும் உறவு இருக்கு.

கிரெடிட்ஸ் முடிஞ்சப்பறம் ஒரு ரகசிய சீன் இருக்கு, நீங்க பாத்தீங்களான்னு தெரியல. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கற யாரோ சிலபேரு, நாங்கதான் இத்தன நாளும் காதுல ஓதி எல்லாத்தையும் நடத்துனோம்னு சொல்வாங்க, ஆரிஜின்ஸ்ல வந்த தளபதி லோகைன் படம்கூட வரும். எனக்கு அதப் பாத்து பத்திகிட்டு வந்துச்சு. லோகைன் ராஜாவ போர்க்களத்துல விட்டுட்டுப் போனது ஆர்லே நாட்டு மேல அவருக்கு இருந்த பழைய வெறுப்பாலயும் பயத்தாலயும். அது அவரோட சொந்தத் தப்பு, அதனாலதான் கடைசில அவர கொல்றதா மன்னிக்கறதான்னு நாம திணறுனோம். அத பின்னாடி வந்து வேற யாரோ கணக்குல எழுதிட்டா நாம திணறுனதுக்கு என்ன மதிப்பு?

ஏன் இப்படி ஆச்சுன்னா, அது கேம் செஞ்ச வரலாறுலயே இருக்கு. மொதல்ல சின்னதா, முடிவுகளுக்கு முக்கியத்துவம் குடுத்து திட்டம் போட்டிருந்த வடிவத்த 2017ல நிறுத்திட்டாங்க, அப்பறம் ஆன்லைன்ல பல பேரு சேந்து ஆடற லைவ் சர்வீஸ் மாதிரி ஆரம்பிச்சாங்க, 2021 வாக்குல மறுபடியும் ஒத்த ஆள் கேமா திருப்புனாங்க. நடுவுல சீரிஸ வளத்த தலைங்க ஒண்ணொண்ணா வெளிய போயாச்சு, 2020 கடைசில சீரிஸோட தயாரிப்பாளர் மார்க் டாராவும். ஆயிரம் பேரு ஒரே உலகத்துல சேந்து ஆடணும்னு போட்ட அஸ்திவாரத்துல உங்க வீட்டு நோட்டுக்கு எங்க எடம் இருக்கும்? அந்த அஸ்திவாரத்துமேலதான் இந்த வீடு நிக்குதுன்னு நான் நெனைக்கறேன். 2023 ஆகஸ்ட்ல 50 பேர் வரைக்கும் வேலைய விட்டு அனுப்புனாங்க, அதுல வேரிக்க எழுதுன மேரி கிர்பியும் ஒருத்தர். வேரிக்குக்கு இந்த கேம்ல என்ன ஆகுதுன்னு தெரிஞ்சப்பறம் அந்த செய்திய திரும்ப நெனச்சா மனசு கனத்துப்போகுது.

வேரிக் விஷயத்த அவங்க செஞ்ச விதத்துக்கு மட்டும் நான் தலை வணங்குவேன். ஆரம்பத்துலயே சோலாஸ் கத்தியால குத்துனதுல அவன் செத்துட்டான், நாம பேசிகிட்டு இருந்ததெல்லாம் சோலாஸ் நம்ம மனசுல காட்டுன பொய். எனக்கு அந்த சீன் முடிஞ்ச கையோட இங்க ஏற்காட்டுல கரண்ட் போயிருச்சு, டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் மழை, மலைப்பாதைல மண்ணு சரிஞ்சு கெடந்த சமயம். இருட்டுல உக்காந்து ஒவ்வொண்ணா ஞாபகப்படுத்திப் பாத்தேன். வேரிக் இருந்த ரூமுக்கு, நம்ம கூட வர்றவங்க யாருமே வந்து அவன்கிட்ட ஒரு வார்த்த பேசல. அவன் பேர எடுத்தா கூட வர்ற ஹார்டிங் மொகம் ஒரு மாதிரி ஆகும். எல்லாத்தையும் கண்ணு முன்னாடியே வச்சிருந்திருக்காங்க.

அதே மாதிரி, இந்த கேமுக்குள்ள எடுக்கற முடிவுகள அது மறக்கறதில்ல. ரெண்டு ஊர்ல ஒண்ணத்தான் காப்பாத்த முடியும்னப்ப நான் டிரெவிஸோவ காப்பாத்தப் போனேன், மின்ராதோஸ் எதிரிங்க கைக்குப் போச்சு, நம்ம கூட இருந்த அந்த ஊர்க்காரி நீவ் கொஞ்ச நாள் திரும்பியே வரல, வந்தப்ப பழைய நீவ் இல்ல. அப்பறம் அந்த ஊருக்குப் போறப்பல்லாம் நம்மால ஆனதுன்னு தெருவே சொல்லும். தீவுல ஆபத்தான வேலைக்கு ஹார்டிங்கா டாவ்ரினான்னு கேக்கறப்ப டாவ்ரின அனுப்பி, அவன் வளத்த கிரிஃபன் அஸ்ஸானும் அவனோட சேந்து செத்துப் போனப்ப கன்ட்ரோலர கீழ வச்சுட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டேன். எம்ரிக்கோட எலும்புக்கூடு பையன் மேன்ஃப்ரெட் கல்லு பேப்பர் கத்திரி ஆட கத்துக்கறதுக்காகவே அவங்க குவெஸ்ட்ட முடிக்கலாம். ஆக, ஞாபகம் வச்சுக்கத் தெரியாத ஆளுங்க இல்ல அவங்க. நம்ம பழசு மட்டும்தான் வேண்டாம்னு விட்டிருக்காங்க. எனக்கு அதுதான் கோவம்.

சண்டை நல்லா வேகமா இருக்கு, கூட வர்றவங்க ரெண்டு பேர்தான், அவங்கள நாம நேரடியா ஆட்ட முடியாது, ஆரிஜின்ஸ் மாதிரி நிறுத்தி யோசிச்சு நாலு பேரையும் நகத்தறது போச்சு. எனக்கு அது பெரிய கொறையா படல.

அடுத்த பார்ட்ல சரி பண்ணுவாங்கன்னு சொல்லவும் எனக்கு மனசு வரல. மொத காலாண்டுல 15 லட்சம் பேர்தான் ஆடுனாங்க, எதிர்பாத்ததுல ஏறக்குறைய பாதிதான்னு 2025 ஜனவரில பயோவேரோட தாய்க் கம்பெனி ஈஏவே சொல்லிருச்சு. அதே மாசம் பயோவேர்ல இன்னும் ஆட்கள் கொறைஞ்சாங்க, மிச்சம் 100 பேருக்கும் கீழன்னு செய்தி வந்துச்சு, இருக்கறவங்க அவங்களோட இன்னொரு சீரிஸான மாஸ் எஃபெக்ட் பக்கம் போயிட்டாங்க. டிஎல்சியும் கெடையாது. நீங்க எதிர்பாத்த முடிவு இனி வராதுன்னு வச்சுகிட்டே பேசுவோம்.

அக்காவ ஆடச் சொல்லுங்க. நல்லா ஆடச் சொல்லுங்க. ஆனா நோட்டுல இருக்கறது எதுவும் உள்ள வராதுன்னு மொதல்லயே சொல்லிடுங்க, அத ஆட ஆரம்பிச்சப்பறம் தெரிஞ்சுக்கறதுதான் நம்மள எல்லாம் வலிக்க வச்சது. ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு எப்படியும் அம்மா வீட்டுக்கு வருவாங்கல்ல, குழந்தைய பாட்டிகிட்ட குடுத்துட்டு உங்க மெஷின்லயே உக்காரட்டும், திரும்ப இன்ஸ்டால் பண்ணி வச்சிருங்க. மொத நாள் டிரெஸ்பாஸர மட்டும் பழைய சேவ்ல ஒரு தடவ ஓட்டிடுங்க, அது ஞாபகத்துல இல்லன்னா கடைசி சீன் பாதிதான் ஏறும். சோலாஸோட ஓநாய் சிலைங்கள ஒண்ணு விடாம பொறுக்கச் சொல்லுங்க, அந்த நினைவுகள முழுசா பாக்கலன்னா மித்தால் வர்ற முடிவு கெடைக்காது. தீவுல அந்தக் கேள்வி வர்றப்ப நீங்க வாயத் தொறக்காதீங்க, அவங்களே முடிவு பண்ணட்டும். யார அனுப்புனாங்கன்னு மட்டும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க.