கை படாத பிரதி

கேள்வி: 'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்' கார்ட்டூனின் புத்தகப் பதிப்புகளைச் சேர்த்து வருகிறேன். 1965இல் வந்த முதல் பதிப்பு ஒன்று, கை படாத நிலையில் விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: குழந்தைப் புத்தகம், அதுவும் கை படாததா? அப்படியானால் அதை வாங்கிய வீட்டில் குழந்தை இல்லை, அல்லது இருந்த குழந்தையை அலமாரிப் பக்கமே அண்டவிடவில்லை. எனக்கென்றால் கதையில் வரும் நாய் ஸ்னூப்பிக்குக் கிரேயானில் மீசை வரைந்த பிரதி வேண்டும். சாக்லேட் கறை இருந்தால் கூடவே கொடுப்பேன். முதல் பக்கத்தில் அக்கா எழுதிய பெயரை அடித்துவிட்டுத் தம்பி தன் பெயரை எழுதியிருந்தால் பேரமே பேசமாட்டேன்.

அப்புறம், கதை என்னவென்று ஞாபகம் இருக்கிறதா? கிறிஸ்துமஸ் வெறும் வியாபாரமாகிவிட்டதே என்று சார்லி பிரவுன் என்ற பையன் புலம்புகிறான். தங்கை சாலியோ பரிசுக்குப் பதிலாகப் பத்து, இருபது டாலர் நோட்டாகவே அனுப்பிவிடும்படி சாண்டாவுக்குக் கடிதம் சொல்கிறாள். இத்தனைக்கும் அந்த டிவி கார்ட்டூனுக்குச் செலவு செய்தது கோகோ கோலா! முதல் ஒளிபரப்பில், பனியில் சறுக்கிப் போன சார்லியின் நண்பன் லைனஸ் மோதியதே அந்தக் கம்பெனியின் பலகைமேல்தான். பிறகு அதை வெட்டிவிட்டார்கள். விலை கேட்டு அலைகிற உங்களைச் சாலிக்கு ரொம்பப் பிடிக்கும்.

கிறிஸ்துமஸைத் திருடப் பார்க்கும் கிரிஞ்ச் கதை என்றால் சரி, வாங்குங்கள் என்பேன். அது 1957லேயே புத்தகம். டிவிக்கு வந்தது 1966இல். அந்தப் புத்தகத்தில் கிரிஞ்ச் பச்சை நிறமே இல்லை, பச்சை டிவி பூசியது. சார்லி பிரவுன் தலைகீழ். 1965 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் டிவியில் ஓடியதுதான் மூலம். அதற்கு இசையமைத்த வின்ஸ் குவரால்டியின் பியானோ எந்தப் பதிப்பிலும் கேட்காது.

ஆனால் அந்தக் கார்ட்டூனிலேயே கேட்காத ஒன்றுதான் எனக்கு முக்கியம். பின்னணியில் சிரிப்புச் சத்தம் சேர்க்கலாமா என்ற பேச்சு எழுந்ததும், சார்லி பிரவுனைப் படைத்த சார்லஸ் ஷுல்ஸ் எழுந்து வெளியே போய்விட்டாராம். மகராசன்! நம் சேனல்களில் யாராவது அப்படி எழுந்து போயிருக்கிறார்களா? இதையே இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்ப எழுதி, சேனல் நண்பர் ஒருவர் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார். பரவாயில்லை. போன வாரம் ஒரு காமெடி நிகழ்ச்சி. "மணி என்ன?" என்று கணவர் கேட்கிறார், அரங்கமே அதிர்கிறது. அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "ஏழரை" என்கிறார் மனைவி. அதற்கு ஒரு சத்தமும் இல்லை.