தவளை லென்ஸின் மின்னழுத்தம் ஏன் சரிகிறது?

தவளைக் கண் லென்ஸில் எலக்ட்ரோடைக் குத்தியதும் −65 மில்லிவோல்ட், ஒரு மணி நேரத்தில் −35, லென்ஸ் இருப்பது பாஸ்பேட் ரிங்கரில் (உடல் திரவத்தைப் போன்ற உப்புக் கரைசல்) என்கிறீர்கள். முதலில் எலக்ட்ரோடை லென்ஸிலிருந்து இழுத்துக் கரைசலில் வையுங்கள். சுழியத்துக்குத் திரும்பாவிட்டால் கோளாறு எலக்ட்ரோடில்தான்.

திரும்பினால் ரிங்கரைத்தான் சந்தேகிப்பேன். பாஸ்பேட்டோடு கால்சியம் வீழ்படிவாகிக் குறைந்துவிடும். அது குறைந்தால் லென்ஸ் சவ்வில் சோடியம் கசிவு கூடி மின்னழுத்தம் இறங்கும். பாஸ்பேட்டுக்குப் பதில் ஹெப்பீஸ் (பிஹெச்சை நிலையாக வைக்கும் பொருள்) கலந்த ரிங்கருக்கு மாறுங்கள்: சோடியம் குளோரைடு 110, பொட்டாசியம் குளோரைடு 2.5, கால்சியம் குளோரைடு 1.8, ஹெப்பீஸ் 5 மில்லிமோலார், பிஹெச் 7.4. எலிக்கான கரைசல் வேண்டவே வேண்டாம், அதில் உப்பு அதிகம், லென்ஸ் சுருங்கிவிடும்.

சென்னை மே மாத மதியத்தில் ஏசி நின்றால் கரைசலும் சூடாகிவிடும். 20–22 டிகிரியில் நிறுத்துங்கள். ஃபோர்செப்ஸால் லென்ஸைத் தொடாதீர்கள். லென்ஸின் உறை கீறிய இடம் வெண்மையாகத் தெரியும். அந்த லென்ஸின் அளவீடு எதற்கும் உதவாது.