பிடித்த தேநீரும் தரமான தேநீரும்

கேள்வி: பண்டாரவளைக்குப் போய்வந்த என் அத்தான் நல்ல விலை கொடுத்து ஊவாத் தேயிலை வாங்கிவந்து தந்தார். அதில் ஊற்றிய தேநீரில் எனக்கு நோவுக்குப் பூசும் தைலத்தின் வாடைதான் வந்தது. பக்கத்துக் கடையில் வாங்கும் சாயம் கூடிய தூளில் பால் விட்டுக் குடிப்பதே எனக்கு விருப்பம். "உனக்குத் தரம் தெரியாது" என்கிறார் அத்தான். தரம் என்று தனியாக ஒன்று உண்டா, அல்லது எல்லாம் அவரவர் நாக்குத்தானா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் மூக்கு பிழை சொல்லவில்லை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவின் மலைச்சரிவுகளில் வறண்ட கச்சான் காற்று வீசும் பருவத்தில், அங்குள்ள கொழுந்தில் மெதைல் சாலிசிலேட் என்னும் மணப்பொருள் மிகுகிறது. நோவுத் தைலங்கள் பலவற்றில் சேர்க்கப்படுவதும் அதுவேதான். வெளிநாடுகளில் ஊவாத் தேயிலையைத் தேடி வாங்குவோர் அந்த மணத்துக்காகவே வாங்குகிறார்கள். அவர்கள் முகர்ந்ததையே நீங்களும் முகர்ந்திருக்கிறீர்கள். அவர்களுக்கு அது உவப்பாக இருக்கிறது, உங்களுக்கு இல்லை. இதனால் அந்தத் தேயிலைக்கும் குறைவில்லை, உங்களுக்கும் குறைவில்லை.

ஆனாலும், எல்லாம் அவரவர் நாக்கு என்று விட்டுவிட என்னால் முடியாது. கொழும்பில் 1883 முதல் தேயிலை ஏலம் நடந்துவருகிறது. ஏலத்துக்கு வரும் மாதிரிகளைத் தரகு நிறுவனங்களின் சுவை பார்ப்பவர்கள் வெள்ளைக் கிண்ணங்களில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் கரண்டியால் எடுத்துச் சத்தமெழ உறிஞ்சி, வாய் முழுவதும் பரவவிட்டுத் துப்புவார்கள். ஊறிய இலை புதுச் செப்புக்காசு போல் ஒளிர்கிறதா என்றும் பார்ப்பார்கள். சுவை பார்ப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேச நியமம், 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள் இட்டு 6 நிமிடம் ஊறவிடச் சொல்கிறது. வீட்டில் குடிப்பதற்கு அது கடுப்பு மிகுந்ததாகவே இருக்கும், ஆனால் அந்தக் கடுப்பில் எந்தக் குறையும் மறைந்திருக்க முடியாது. உலர்த்தும்போது சூடு மிஞ்சியதால் வந்த கருகல், தூளில் ஏறிய புகை, ஈரம் தங்கிப் பிடித்த பூஞ்சணம், நொதித்தல் அளவு மீறி மங்கிப்போன சாயம் ஆகியவை தொழிற்சாலையிலோ களஞ்சியத்திலோ நேர்ந்த பிழைகள். தேர்ந்த நாக்கு எதுவும் அவற்றைக் கண்டுபிடிக்கும். தரத்தின் இந்தப் பகுதி யாருடைய விருப்பத்தையும் பொறுத்ததன்று என்று துணிந்து சொல்வேன்.

குறையற்ற தேயிலைகளுக்குள் எது மேல் என்ற கேள்வி வேறு. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கங்களில் 2,000 அடிக்குக் கீழே விளையும் தேயிலையின் கரிய, முறுக்கிய இலையை மத்திய கிழக்கு நாட்டவர் பெரிதும் விரும்புவதால், நமது ஏலத்தில் அது மலைநாட்டுத் தேயிலையை விடக் கூடிய விலைக்குப் போவதுண்டு. அதாவது விலையில் தரத்தோடு வாங்குபவரின் பழக்கமும் கலந்திருக்கிறது. பைக்கற்றில் காணும் பி.ஓ.பி., டஸ்ட் முதலிய எழுத்துகளும், பலர் நம்புவதுபோலத் தரப் பட்டமல்ல. இலைத்துணுக்கின் பருமனையே அவை குறிக்கின்றன. ஏற்றுமதிக்காகத் தெரிவு செய்பவர் தாம் வீட்டில் ஒருநாளும் குடிக்காத தேயிலையையும் "இந்த நாட்டுக்கு இது மிக நல்லது" என்று தயங்காமல் வாங்குவார். தம் விருப்பத்தை ஒருபுறம் வைத்துவிட்டு மதிப்பிடும் இந்தப் பயிற்சியைத்தான் நான் தரம் அறிதல் என்பேன். உங்கள் அத்தான் சொன்னதில் அது இல்லை.

உங்கள் கடைத் தூளையும் ஒருமுறை பாலும் சீனியும் இல்லாமல் 6 நிமிடம் ஊறவிட்டுப் பாருங்கள், ஏனெனில் பால் பல குறைகளை மூடிவிடும். புகையோ பூஞ்சண வாடையோ இல்லையென்றால் அச்சமின்றிப் பால் விட்டுக் குடியுங்கள். ஊவாத் தேயிலைக்குப் பால் விடாமல், 3 நிமிடத்தில் வடித்து இன்னொரு தடவை சுவைத்துப் பாருங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் அத்தானிடமே விரைவில் கொடுத்துவிடுங்கள். திறந்த பைக்கற்றில் அந்த மணம் நெடுநாள் நிற்காது.