ஈ.எஸ்.ஆர். 48: எது, எங்கே படிகிறது?

கேள்வி: எனக்கு 43 வயது. காய்ச்சல், வலி எதுவும் இல்லை, எப்போதும் அசதிதான். டெஸ்ட் எடுத்ததில் ஈ.எஸ்.ஆர். (ஏதோ படியும் வேகமாம்) 48, ஹீமோகுளோபின் 9.2 என்று வந்திருக்கிறது. ரத்தத்தில் கிருமி இருக்கும் என்கிறார்கள் வீட்டில். ரத்தத்தில் எது போய் எங்கே படிகிறது, டாக்டர்? பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள். ஈ.எஸ்.ஆர். என்பது ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகம். அவை படிவது உங்கள் உடம்புக்குள் இல்லை, லேபில் உள்ள குழாயில். உறையாமலிருக்க சிட்ரேட் கலந்த ரத்தத்தை, 2.5 மி.மீ. துளையுள்ள கண்ணாடிக் குழாயில் ஏற்றி நேராக நிறுத்திவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) தெளிந்து நிற்கும், கீழே சிவப்பு. நடுவே கத்தியால் அறுத்தாற்போல் ஒரு கோடு. ஒரு மணி நேரத்தில் அந்தக் கோடு 48 மி.மீ. இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

சிவப்பணு பிளாஸ்மாவைவிடச் சற்றே அடர்த்தியானது. ஆனால் குறுக்களவு 8 மைக்ரான்கூட வராது. இத்தனை பொடிசு தனியாக இறங்கினால் மணிக்குச் சில மி.மீ.தான் நகரும். மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அணுக்கள் ஒன்றையொன்று தள்ளியும் விடும். உடம்பில் அழற்சி வந்தால் கல்லீரல் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைக் கூடுதலாக உண்டாக்கும். அது சேர்ந்தால், தள்ளலையும் மீறி அணுக்கள் காசு அடுக்கியதுபோல் ஒட்டிக்கொள்ளும். விழும் பொருளின் ஆரம் இரட்டித்தால் வேகம் நான்கு மடங்கு என்பது ஸ்டோக்ஸ் விதி. அந்த அடுக்குகளும் தனித்தனியே விழுவதில்லை. கோத்துக்கொண்டு வலையாகி, அந்த வலையே மெல்ல அமுங்குகிறது என்கின்றன சமீபத்திய ஆய்வுகள். கோடு அத்தனை கூர்மையாகத் தெரிவது அதனால்தான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ரத்தசோகையில் அணுக்களின் நெரிசல் குறைவு. அவை இறங்க இறங்க, பிளாஸ்மா மேலே வர வழி தாராளமாகக் கிடைக்கும். கிருமியே இல்லாவிட்டாலும் ஈ.எஸ்.ஆர். ஏறும். ஸ்டாண்டு லேசாகச் சாய்ந்திருந்தால்கூட ஏறும்!

அதனால் எனக்குக் கவலை 48 இல்லை, 9.2தான். உங்கள் அசதிக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமா, மூலம் இருக்கிறதா என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டுவது) இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஈ.எஸ்.ஆரை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். எடை குறைந்தாலோ, சாயங்காலக் காய்ச்சல் வந்தாலோ, இருமல் இரண்டு வாரம் தாண்டினாலோ உடனே போய்க் காட்டுங்கள். இல்லையென்றால், ஹீமோகுளோபின் 12ஐத் தொட்டதும் ஈ.எஸ்.ஆர். மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.