மகனை வீட்டிலேயே படிக்க வைக்கலாமா, ஊர்ப் பள்ளிக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. அவிநாசி பக்கம் ஒரு தனியார் ஆங்கில வழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு முடிக்கப்போகிறான். வேன் வருகிற நேரத்துக்குத் தினமும் வயிறு வலிக்கிறது என்கிறான், ஞாயிற்றுக்கிழமை வலிப்பதில்லை. போர்டில் இருப்பதை அவன் எழுதி முடிப்பதற்குள் அழித்துவிடுகிறார்களாம். வீட்டுப்பாடம் முடிய இரவு ஒன்பது ஆகிறது. மகளுக்கு வரும் ஜூலை முதல் வாரம் 5 வயது நிறைகிறது. இருவரையும் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆசைப்படுகிறேன். நான் பி.எஸ்சி. கணிதம். வீட்டிலிருந்தே பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறேன், காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை மெஷினில்தான் இருப்பேன். கணவருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. ஊர் ஒன்றியப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று அவரும் மாமியாரும் சொல்கிறார்கள். அங்கே 48 பிள்ளைகளுக்கு இரண்டே டீச்சர். வீட்டில் படித்தால் பத்தாவது எழுத முடியுமா? எது சரி?
– ஒரு வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இப்போதைக்கு ஊர்ப் பள்ளிதான். அதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ஒன்பது முதல் இரண்டு வரை மெஷின். ஒரு குழந்தையின் தலை தெளிவாக இருக்கும் நேரமும் அதுதான். இரண்டு மணிக்கு எழுந்து, சாப்பாடு முடித்து, களைத்த உடம்போடு நீங்கள் உட்காரும்போது அவனும் களைத்திருப்பான். வீட்டுக் கல்வி பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உடைகிறது. தாயின் படிப்பு போதாமல் உடைவது குறைவு.

ஆனால் அதற்கு முன்னால் பையனைப் பார்க்க வேண்டும். போர்டைப் பார்த்து எழுத நேரமாகிறது என்பதை அவனுடைய சோம்பலாகவோ பள்ளியின் அவசரமாகவோ எடுத்துக்கொண்டு முடிவெடுத்தால், பள்ளி மாறினாலும் பிரச்சினை கூடவே வரும். முதலில் கண். சுவரில் தினசரி காலண்டரை மாட்டி, அறையின் அந்தக் கோடியில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொல்லுங்கள்; பிறகு மறு கண். திணறினால் அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். கண் சரியாக இருந்தால் அடுத்தது வாசிப்பு. அவன் இதுவரை பார்க்காத ஒரு பத்தியை இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து எடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்திலும் அப்படியே. ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை ஒரு வரியில் சரியாகவும் அடுத்த வரியில் தப்பாகவும் படிக்கிறானா? முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறானா? கொம்பும் காலும் விட்டுப் போகின்றனவா? எழுதும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் தலை தூக்கிப் பார்க்கிறானா? அதே நேரம் வாயால் கேட்டால் பதில் பளிச்சென்று வருகிறதா? இவை சேர்ந்து இருந்தால் கற்றல் குறைபாடா என்று சோதிக்க வேண்டும். உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், அங்கிருந்து தொடங்குங்கள். முறையான சான்று கிடைத்துவிட்டால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. வீட்டில் வைத்துப் படிக்க வைப்பதில் இருக்கும் ஒரு ஆபத்து இதுதான். அம்மா தன்னை அறியாமலே பிள்ளைக்குப் படித்துக் காட்டிக்கொண்டே இருப்பார், பன்னிரண்டு வயது வரை குறை வெளியே தெரியாது.

இனி சட்டம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. வீட்டுக் கல்வி என்ற சொல்லே அதில் கிடையாது. நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், டி.சி. வாங்கியதும் எமிஸ் என்ற பள்ளிக்கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளையின் பெயர் காமன் பூலுக்கு, அதாவது எந்தப் பள்ளியின் கணக்கிலும் இல்லாதவர்களின் பொதுப் பட்டியலுக்குப் போய்விடும். வேறு பள்ளி எதுவும் எடுக்காவிட்டால், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் உங்கள் வீட்டுக் கதவு தட்டப்படும். பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வருடா வருடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மாமியார் வீட்டில் இருக்கும்போது அது சின்ன விஷயமும் இல்லை.

திரும்பி வரும் கதவு திறந்தே இருக்கிறது. 14 வயதுக்குள் எப்போது கொண்டுவந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. வருடத்தின் நடுவில் வந்தாலும் மறுக்க முடியாது. எட்டாம் வகுப்புக்குப் பிறகுதான் கதவு குறுகுகிறது. அப்போது சான்றிதழ் கேட்பார்கள்.

பத்தாவது எழுத முடியுமா என்று கேட்டீர்கள். முடியும், இரண்டு வழி இருக்கிறது. தமிழ்நாட்டுத் தேர்வுத்துறையில் தனித்தேர்வராக எழுதலாம். பன்னிரண்டரை வயது நிறைந்ததும் எட்டாம் வகுப்புத் தேர்வு, அதில் தேறி பதினாலரை வயது நிறைந்ததும் பத்தாம் வகுப்பு. அறிவியலுக்குச் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிவு செய்து, ஒதுக்கிய பள்ளிக்குப் போய் வர வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்தப் பதிவில்தான். இரண்டாவது வழி மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி, என்.ஐ.ஓ.எஸ். 14 வயது போதும். எட்டாவது முடித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குறைந்தது ஐந்து பாடம், அதில் ஒன்றேனும் மொழிப்பாடமாக இருக்க வேண்டும். ஐந்து வருடத்தில் ஒன்பது வாய்ப்பு. தேர்ச்சிக்கு 33 சதவீதம். ஒப்படைப்புப் பணிக்கு (அசைன்மென்ட்) 20 சதவீத மதிப்பெண் உண்டு, அதைக் கொடுக்காமல் விட்டுவிட்டு மதிப்பெண் குறைந்ததே என்று வருந்துபவர்கள் அதிகம். இன்னொரு பொறி இருக்கிறது. எளிது என்று கணிதத்தையும் அறிவியலையும் விட்டுவிட்டு மனையியல், ஓவியம் என்று ஐந்தைத் தேர்ந்தெடுத்தால் தேர்ச்சி கிடைக்கும், பதினொன்றில் அறிவியல் பிரிவு கிடைக்காது. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுத முன்பு இருந்த தடை இப்போது நீங்கிவிட்டது.

‘ஹோம் ஸ்கூல் சர்ட்டிபிகேட் நாங்களே தருகிறோம்’ என்று போன் செய்பவர்களை நம்ப வேண்டாம், அப்படி ஒரு சான்றிதழ் நம் நாட்டில் இல்லை. வாடகை வீட்டில் இருபது பிள்ளைகளை வைத்து வகுப்பு நடத்தி அதையும் வீட்டுக் கல்வி என்கிறார்கள். அது அங்கீகாரமில்லாத பள்ளி. நடத்துபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, அவர்கள் தருகிற டி.சி. செல்லாது.

இதையெல்லாம் விட உங்கள் கணக்கில் முதலில் வர வேண்டிய தேதி ஒன்று இருக்கிறது. மகன் ஆறாம் வகுப்பில் கால் வைக்கும் ஜூன் மாதம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் அதே ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கெடுக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தால் இவை கை நழுவிப் போகும். ஆக ஒன்று முதல் ஐந்து வரை எங்கே படித்தாலும் இந்தச் சலுகைகளில் இழப்பில்லை. வீட்டில் ஒரு வருடம் வைத்துப் பார்க்க ஆசை இருந்தால் உங்களுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. ஆறிலிருந்து வீட்டில் வைப்பது வேறு முடிவு, அதற்கு வேறு துணிச்சல் வேண்டும்.

48 பிள்ளைக்கு இரண்டு டீச்சர் என்று கேட்கும்போது மனம் சுருங்கத்தான் செய்யும். அது குறைபாடு அல்ல, விதியே அதுதான்: தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். பெரும்பாலும் ஒருவர் ஒன்று முதல் மூன்று வரையும், இன்னொருவர் நான்கையும் ஐந்தையும் சேர்த்தும் பார்ப்பார். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022-இல் வந்த பிறகு பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று திறனை வைத்துப் பிரித்து நடத்துகிறார்கள். எழுதுவதில் பின்தங்கிய உங்கள் மகனுக்கு நாற்பது பேரோடு ஒரே வேகத்தில் ஓடுவதைவிட இது பொருந்தும். பலவீனம் எங்கே என்றால், ஒரு டீச்சர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போகும் நாளில். அன்று ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். அதனால் ‘டீச்சர் எத்தனை பேர்’ என்று கேட்காதீர்கள். ‘போன மாதம் இரண்டு டீச்சரும் இருந்த நாள் எத்தனை, யாராவது மாற்றுப்பணியில் இருக்கிறார்களா’ என்று கேளுங்கள்.

சேர்ப்பதற்கு முன் ஒருநாள் காலை பத்தரை மணிக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருவரின் கணக்கு நோட்டைப் புரட்டுங்கள். சிவப்பு மை டிக் மட்டும் இருக்கிறதா, தப்பைத் திருத்தி மறுபடி போட வைத்த தடம் இருக்கிறதா? கழிப்பறை பூட்டிக் கிடக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா? காலை உணவு அங்கேயே உண்டு, வேனுக்கு ஓடும் காலை இனி இல்லை. வயிற்றுவலியில் பாதி அதிலேயே குறையலாம். சேர்த்த பிறகு பள்ளி மேலாண்மைக் குழுவில் பெயர் கொடுங்கள். உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், தலைவரும் ஒரு தாய்தான். டீச்சர் காலியிடம் பற்றித் தீர்மானம் போட்டு அனுப்பும் இடம் அது.

மகளுக்கு ஜூலையிலேயே 5 நிறைவதால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது இருக்கிறது. ஆனால் வகுப்பிலேயே சின்னவளாக இருப்பாள். பென்சில் பிடிக்கவே சிரமப்பட்டால் ஒரு வருடம் அங்கன்வாடியில் விடுவதில் தப்பில்லை. தமிழ் வழியா ஆங்கில வழியா என்பதில் மட்டும் ஒன்று. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தால் அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. மகனுக்கு அது போய்விட்டது, மகளுக்கு இன்னும் இருக்கிறது.

உங்கள் ஆசையையும் விட வேண்டாம். நீங்கள் வீட்டில் சொல்லிக்கொடுக்கப் போவது முழுப் பள்ளியை அல்ல, ஒரு மணி நேரத்தை. தொடக்க வகுப்புக்கு வருடம் 200 நாள், 800 மணி நேரம் என்பது சட்டம் சொல்லும் கணக்கு. அதாவது ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், அதுவும் வகுப்பு முழுவதற்கும் சேர்த்து. ஒரே பிள்ளையோடு உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் நிறைய நகரும். நாலரைக்கு வந்ததும் விளையாட விடுங்கள். ஆறரையிலிருந்து ஏழரை வரை உட்காருங்கள். முதல் இருபது நிமிடம் உரக்க வாசிப்பு: ஒரு வரி நீங்கள், ஒரு வரி அவன். அடுத்த இருபது நிமிடம் கணக்கு, புத்தகத்துக்கு முன்னால் கையால். 52-லிருந்து 27 போனால் 35 என்று எழுதுகிறானா பாருங்கள். அப்படி எழுதினால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறான், கடன் வாங்குவது புரியவில்லை என்று அர்த்தம். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு ஐந்து கட்டு, உதிரி இரண்டு வைத்து, ஒரு கட்டை அவிழ்க்க வையுங்கள். வகுத்தலுக்கு உங்கள் மெஷின் மேசையே போதும்: 48 பட்டன், சட்டைக்கு 6, எத்தனை சட்டை? மீதி நேரம் அவன் சொந்தமாக ஐந்து வரி எழுதட்டும். முதல் மாதம் பார்த்து எழுதும் வேலை எதையும் தராதீர்கள், அந்தக் காயம் ஆறட்டும்.

அப்படியும் முழுநேர வீட்டுக் கல்விதான் வேண்டும் என்றால், தையலைப் பிற்பகலுக்கு மாற்றி மே மாதத்தில் நான்கு வாரம் ஒத்திகை பாருங்கள்: காலை ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை, வாரம் ஐந்து நாள். இருபதில் பதினாறு நாளாவது நடந்ததா என்று காலண்டரில் குறித்துவையுங்கள். நடந்திருந்தால் அடுத்த வருடத்துக்கு யோசிக்கலாம். எட்டுப் பீரியட் போட்டுப் பள்ளியைப் போலவே டைம் டேபிள் எழுதாதீர்கள், அது ஆடி வரைகூடத் தாங்காது.

இப்போது டி.சி. வேலை. பழைய பள்ளிக்கு விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். டி.சி. தாமதம் என்று சொல்லி அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. கட்டண பாக்கிக்காக டி.சி.யைப் பிடித்து வைக்கக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. காகிதத்தில் டி.சி. கொடுத்துவிட்டு எமிஸில் பெயரை விடுவிக்காமல் இருப்பார்கள், புதிய ஹெச்.எம். பெயரைச் சேர்க்க முடியாமல் நிற்பார். அதனால் அங்கேயே ‘காமன் பூலுக்கு அனுப்பிவிட்டீர்களா’ என்று கேட்டு, எமிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். வெளியே வருவதற்கு முன் டி.சி.யில் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் பிறப்புச் சான்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அங்கேயே திருத்தி வாங்கிவிடுங்கள். பத்தாவது மார்க் ஷீட்டில் ஏறிய பிறகு திருத்துவதற்குள் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.